வாசலில் நின்ற கார்

டிசம்பர் 29, ஞாயிறு
இவ்வளவு சம்பளம் வாங்குகிறாயே, கார் எப்போது வாங்குவாய் என்று ஆபீஸில் எல்லோரும் கேட்கிறார்கள். எதற்கு? முதலியார்பேட்டைச் சந்தில் எங்கே நிறுத்துவது? ஆபீசுக்குச் சைக்கிளில் பத்து நிமிஷம். தூரமென்றால் போனில் ஆட்டோ. ஏழு வருஷம் தவணை கட்டி ஒரு தகரத்தை வெயிலில் நிறுத்தி வைக்க எனக்கென்ன பைத்தியமா?

எதிர்வீட்டு கிருஷ்ணசாமி மாமா தன் பழைய வெள்ளைக் காரை எங்கள் வாசலை ஒட்டித்தான் நிறுத்துகிறார். மார்கழியில் அம்மாவுக்குப் பாதிக் கோலம்தான். இன்று போட்டோ எடுத்துத் தெரு வாட்ஸப் குரூப்பில் போட்டேன்: 'தெரு நடக்கவா, நிறுத்தவா?' முப்பத்தெட்டு லைக்!

டிசம்பர் 31
குரூப்பில் போட்டோவைப் பார்த்திருப்பார் போல, மாமா காரைத் தொலைவில் இருக்கும் பழைய மில் கேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். வாசல் ஜம்மென்று இருக்கிறது.

ஜனவரி 6, திங்கள்
காலைல ஆறு மணிக்கு அப்பாவுக்கு வாய் கோணிக்கிச்சு. இடது கை தொங்கிப்போச்சு. ஆட்டோ புக் பண்ணேன் — ரெண்டு பேர் கேன்சல் பண்ணிட்டாங்க. ஆம்புலன்சுக்குக் காத்திருக்க அம்மா ஒத்துக்கல. சத்தம் கேட்டு வந்த மாமா, லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு, செருப்புகூட இல்லாம மில் கேட்டுக்கு ஓடினாரு. அறுபதை நெருங்குறவரு. கார் வர பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் காலியாக் கெடந்த வாசலையே பார்த்துக்கிட்டு நின்னேன். நான் கேட்டு வாங்கின காலி.

கதிர்காமம் ஆஸ்பத்திரில சித்தப்பா, ஏன் லேட்டுன்னு கேட்டாரு. ஆட்டோ கிடைக்கலன்னேன். பக்கத்துல நின்ன மாமா ஆமான்னு தலையாட்டினாரு. எனக்காக. சீ, நானெல்லாம் ஒரு மனுஷியா?

ஜனவரி 8
அப்பாவுக்குப் பேச்சு வந்துடுச்சு. கை வரல. குரூப்ல அந்தப் போட்டோவ அழிக்கப் பார்த்தேன். நாளாயிடுச்சாம், என் போன்ல மட்டும்தான் அழியும். மத்தவங்க போன்ல அப்படியே கெடக்கும்.

ஜனவரி 11, சனி
அப்பா வீட்டுக்கு வந்தாச்சு. மாமாகிட்டப் போனேன். கார எங்க வாசல்லயே நிறுத்துங்க மாமா, என்னாலதான் அப்பா கை...ன்னு சொல்லும்போதே அழுதுட்டேன்.

"அழாத கவி. பொங்கலுக்கு உங்கம்மா தெருவ அடைச்சுக் கோலம் போடுமே, அதுல எங்க கொண்டாந்து நிறுத்துறது?"ன்னாரு.

வீட்டுக்கு வந்து குரூப்ல எழுதிட்டேன்: 'ஆட்டோவால மட்டும் லேட்டாகல. மாமா காரைத் தூரத்துக்குத் தொரத்தினது நான். அதான் லேட்டாச்சு.' ஒருத்தரும் லைக் போடல. அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவ படிச்சுது. போனை வச்சுட்டு உள்ள போயிடுச்சு.

ஜனவரி 14, பொங்கல்
இனியும் நான் கார் வாங்கப் போவதில்லை. ஆனால் அதைப் பெருமையாகச் சொல்ல வாய் வராது.

விடியற்காலையில் அம்மா கோலப்பொடியோடு வாசலுக்குப் போனது. வருஷா வருஷம் தெருவை அடைக்கிற கோலம், இந்த முறை ஒரு முழம்தான், படியோரமாக. மற்ற இடத்தில் வெறும் தண்ணீர் தெளித்துவிட்டது. மூன்று நாளாக என் முகத்தைப் பார்க்காத அம்மா, நிமிர்ந்து பார்த்தது.

"போய் மாமாவ வண்டிய எடுத்தாரச் சொல்லு."