அந்தப் பட்டன் உங்கள் திரையில் இல்லை, அப்பா

என் அன்பு அப்பாவுக்கு,

கிள்ளானில் எல்லாரும் நலம். உங்கள் போனை அம்மாதான் வைத்திருக்கிறார். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றேன், கேட்கவில்லை. நீங்கள் ஆகப் பெரியதாக வைத்துவிட்டுப் போன எழுத்தையும் மாற்ற விடவில்லை. "அவரு வச்சது, அப்படியே இருக்கட்டும்," என்கிறார்.

ஆனால் ஊர் நலம் சொல்ல இதை எழுதவில்லை அப்பா. எனக்கு வயிறு எரிகிறது.

அந்தக் கிளினிக் ஆப் நினைவிருக்கிறதா? சர்க்கரை மருந்துக்குப் போனபோது, ஆப்பில் முன்பதிவு செய்துவிட்டு வாருங்கள் என்று கவுண்டரில் திருப்பி அனுப்பினார்களே. பஸ் ஓட்டிய காலத்தில் நடுரோட்டில் இறங்கி லோரிக்காரர்களோடு சண்டை போட்டவர் நீங்கள். அன்று வீட்டுக்கு வந்து ஆப்பில் வெகு நேரம் தேடிப் பார்த்தபின் போனை மேசைமேல் வைத்துவிட்டு, "எனக்கு வயசாச்சு லா, இதெல்லாம் புரியல," என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்களாகக் கிளினிக்குக்குப் போகவே இல்லை. நான் பங்சாரில் வேலை முடிந்து வந்து, என் போனில் பதிவு செய்து கொடுக்கும்வரை காத்திருப்பீர்கள். என் போனில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது.

இப்போது அந்த ஆப்பைத் திருத்தும் வேலை எங்கள் கம்பெனிக்கே வந்திருக்கிறது. முதல் வேலையாக அம்மாவிடம் உங்கள் போனை வாங்கி, அதில் திறந்து பார்த்தேன். தேதி வந்தது. நேரம் வந்தது. 'முன்பதிவை உறுதிப்படுத்து' என்ற பட்டனை மட்டும் காணோம். விரலால் தள்ளிப் பார்த்தேன், திரை நகரவில்லை.

ஆப்பை இயக்கும் நிரலைத் திறந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. எழுதிய புண்ணியவான்கள் திரையின் முழு உயரத்தையும் தங்கள் சொத்தாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அடியில் போனுக்கே உரிய பட்டன் வரிசை ஒன்று இருக்கிறதே, அதைக் கழிக்கவில்லை. தலைப்புக்கு இவ்வளவு, பட்டனுக்கு இவ்வளவு என்று குத்துமதிப்பாக ஒதுக்கிவிட்டு, மிச்சம் முழுவதையும் நாட்காட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். தமிழில், உங்கள் எழுத்தளவில், அந்தத் தலைப்பு நான்கு வரிக்குப் போகிறது. நாட்காட்டி தன் இடத்தை விட்டுக்கொடுக்காது. அப்புறம் பட்டன் எங்கே போகும்? திரைக்கு வெளியேதான் போகும்.

ஐபோனுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் ஒரே நிரல் என்று இதில் பெருமை வேறு. யார் போனில் அளந்து பார்த்தார்கள்? தங்கள் கையில் இருந்த புதுப் போனில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில்.

மீட்டிங்கில் உங்கள் போனை நடுமேசையில் வைத்துக் காட்டினேன். மேலாளர் கணேஷ் அதைக் கையில்கூட எடுக்கவில்லை.

"எழுத்தை லாக் பண்ணிடு லா. போன்ல எவ்வளவு பெருசா வச்சாலும் நம்ம ஆப்ல பெருசாகாது. ஒரே லைன் கோட், செட்டல்."

"அப்புறம் வயசானவங்க எப்படி பாஸ் படிப்பாங்க?"

"அதான் பிள்ளைங்க இருக்காங்கல்ல? போட்டுக் கொடுப்பாங்க."

பிள்ளைகள் இருக்கிறார்களாம்! ஒரு மனிதர் தன் மருந்தைத் தானே போய் வாங்கிக்கொள்ள, பிள்ளை வேலை முடிந்து வரும்வரை எதற்காகக் காத்திருக்க வேண்டும்? பார்வை மங்குவது என்ன குற்றமா? "அந்த லைனை நான் எழுத மாட்டேன் பாஸ். வேற ஆளைப் பாத்துக்குங்க," என்றேன். அறையே திரும்பிப் பார்த்தது. என் காதுக்கே உங்கள் குரல்போல இருந்தது. "சரி, வெள்ளிக்குள்ள முடி. இல்லாட்டி லாக்தான்," என்றார் கணேஷ் எரிச்சலோடு.

வெள்ளிக்கு முன்பே முடித்துவிட்டேன். எழுத்து முதலில் திரையில் விழட்டும் என்று விட்டேன். அது எவ்வளவு இடம் பிடித்தது என்று அதன் பிறகு அளந்தேன். போனுக்குரிய இடத்தைப் போனுக்கே விட்டு, பட்டனை அதன் மேலே நிறுத்தினேன். மிச்சம்தான் நாட்காட்டிக்கு. போதாவிட்டால் அது நகர்ந்துகொள்ளட்டும், பட்டன் நகராது. இவ்வளவுதான் வேலை அப்பா. இந்தச் சின்ன வேலைக்குச் சோம்பல்பட்டுத்தான் உங்களை வீட்டில் உட்கார வைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனை அம்மாவிடம் கொடுத்தேன். தன் கண் பரிசோதனைக்கு அவரே பதிவு செய்தார். பட்டனை அழுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"அப்பா பாத்தப்போ இது இருந்துச்சா?"

"இல்லம்மா."

அம்மா போனை மேசைமேல் வைத்தார். "அப்போ அவருக்குப் புரியாம இல்ல," என்றார்.

அதைச் சொல்லத்தான் அப்பா இத்தனை நீளம் எழுதினேன். நீங்கள் சரியாகத்தான் தேடியிருக்கிறீர்கள். அது அங்கே இல்லை. உங்களுக்கு வயதானதால் இல்லாமல் போகவில்லை. இதை நீங்கள் உயிரோடு இருந்தபோதே எதிரில் உட்கார்ந்து சொல்ல முடியாமல் போனதை நான் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஒன்று மட்டும் உறுதி தருகிறேன். நான் எழுதும் எந்தத் திரையும் இனி உங்கள் போனில், உங்கள் எழுத்தில் திறந்து பார்க்காமல் வெளியே போகாது. அம்மாவும் சம்மதித்துவிட்டார். ஒவ்வொரு முறையும் சார்ஜ் போட்டுத் திருப்பித் தர வேண்டுமாம், எழுத்தில் கை வைக்கக் கூடாதாம்.

உங்கள் முன்கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டு பிறந்த மகள்,
தேவி