நீலச் சட்டையில் பொடுகு

சனி, ஜூலை 6

காலையிலிருந்தே புழுக்கம். மோட்டார் மறுபடி மக்கர்.

இவருக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். நல்லெண்ணெயில் மிளகு போட்டுக் காய்ச்சியது, ஒரு கரண்டி முழுக்க. பொடுகு வறட்சியால் வருவதாம், எண்ணெய் ஊறினால் போய்விடுமாம். எத்தனையோ சனிக்கிழமை ஆயிற்று. குறைகிற வழியாக இல்லை. இப்போது புருவத்திலும் மூக்கோரத்திலும் மஞ்சள் செதில். தலை வறண்டவருக்கு முகத்தில் மட்டும் எண்ணெய் வழிகிறது.

நித்யாவின் நிச்சயதார்த்த ஆல்பம் வந்தது. இவருடைய நீலச் சட்டை, இரண்டு தோளிலும் வெள்ளை. அதைவிட மோசம் முகம். எல்லாப் படத்திலும் உம்மென்று. பெற்ற பெண்ணுக்கு நிச்சயம் நடக்கிறது, இவர் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறவர்போல உட்கார்ந்திருக்கிறார்.

சாயங்காலம் சம்பந்தி மாமி போன். "மாமாக்கு எங்காத்து சம்பந்தம் பிடிக்கலையோன்னு ஆத்துக்காரர் கேட்டுண்டே இருக்கார்." சிரித்து மழுப்பினேன்.

ஞாயிறு, 7

பெங்களூரிலிருந்து நி. போன். ஆல்பம் அவளுக்கும் போயிருக்கிறது. ஒரே அழுகை.

"அப்பாக்கு கார்த்திக்கைப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லச் சொல்லும்மா. கல்யாணத்தன்னிக்கும் இப்படியே உக்காந்துண்டிருந்தா என்னால தாங்க முடியாது."

வேடிக்கை என்னவென்றால், அவள் கார்த்திக் பெயரைச் சொன்ன அன்று முரண்டு பிடித்தவள் நான். உடனே சரி என்றவர் இவர்.

கேட்டேன். "பிடிச்சிருக்கே" என்றார். அவ்வளவுதான். முணுமுணுப்பு. முகத்தில் ஒன்றும் இல்லை. கத்தினேன். ஒரு வருஷமாக என்னிடமும் இதே முகம்தான். முப்பது வருஷக் குடித்தனம், அலுத்துவிட்டது போலிருக்கிறது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் நினைக்கிறேன்.

செவ்வாய், 9

ஸ்கூலில் யூனிட் டெஸ்ட். பேப்பர் கட்டு வீட்டுக்கு வந்தாயிற்று.

மளிகை லிஸ்ட் இவரை எழுதச் சொன்னேன். துவரம் பருப்பு படிக்க முடிந்தது. பெருங்காயம் பாதி. கடைசி நாலு வரி எறும்பு ஊர்ந்த மாதிரி. "பேனா தேஞ்சுடுமா உங்களுக்கு?" என்றேன்.

சாம்பார் அடிப்பிடித்து வீடெல்லாம் தீய்ந்த நாற்றம். அடுப்புக்கு நாலடி தள்ளி பேப்பர் படித்துக்கொண்டிருந்த மனுஷர் அசையவில்லை. அதற்கும் ஒரு கத்தல். ஆபீசுக்குச் சட்டை பட்டன் போட இவர் எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நான் இரண்டு பேருக்கும் டப்பா கட்டிவிடுகிறேன்.

வியாழன் தோல் டாக்டர், மந்தைவெளி. கல்யாணத்துக்குள் தலையாவது சரியாகட்டும்.

வியாழன், 11

ஆட்டோ. ஏறவே இவருக்கு ஒரு யுகம். நான் முதுகில் தட்டி "சீக்கிரம், சீக்கிரம்." ஆட்டோக்காரர்: "மெதுவா ஏறு நைனா. வண்டி எங்கியும் ஓடிப்போவாது."

டாக்டர் சின்னப் பெண். என்னிடம் படித்தவர்கள் வயசு. எண்ணெய்க் கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. எல்லார் தலையிலும் ஒரு பூஞ்சை குடியிருக்கிறதாம். அதன் சாப்பாடு எண்ணெய். கொழுப்பை உடைத்து, வேண்டியதைத் தின்று, மிச்ச அமிலத்தைத் தோலிலேயே விட்டுவிடுகிறது. அது ஒத்துக்கொள்ளாத தலை எரிச்சல்பட்டு, தோலை அவசர அவசரமாக உரித்துத் தள்ளுகிறது. அதுதான் பொடுகு.

"வறட்சியே இல்ல மேடம். வாராவாரம் நீங்க அதுக்கு விருந்து வெச்சிருக்கீங்க."

கொழுப்பை உடைத்தால் கொழுப்பமிலம். பிளஸ் டூவுக்கு நானே வருஷா வருஷம் நடத்துகிற பாடம். வெட்கம்.

எண்ணெய் கூடாது. மருந்து ஷாம்பு வாரம் இரண்டு முறை. நுரையோடு ஐந்து நிமிஷம் ஊற வேண்டும், உடனே கழுவினால் பிரயோஜனம் இல்லை.

சீட்டை எழுதிக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டு இவரைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம்.

"சார், வாசல் வரைக்கும் நடந்துட்டு வாங்க."

நடந்தார். வலது கை வீசியது. இடது கை சும்மா தொங்கியது. நான் இதுவரை கவனித்ததே இல்லை.

"ஒரு வரி எழுதுங்க." எறும்பு.

"வாசனையெல்லாம் தெரியுதா?"

"ரெண்டு மூணு வருஷமா தெரியலைம்மா."

என்னிடம் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை.

பொடுகு பெரும்பாலும் வெறும் பொடுகுதான், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றாள். ஆனால் சில நரம்பு நோயில் தோலில் எண்ணெய் அதிகம் சுரக்கும், செதிலும் கூடும். முகம், நடை, எழுத்து எல்லாம் சேர்ந்து இருப்பதால் நரம்பு டாக்டரைப் பார்த்துவிடச் சொன்னாள்.

திரும்பும் வழியில் அரை கிலோ கத்தரிக்காய் வாங்கினேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு கிலோ இருக்கிறது.

திங்கள், 15

லீவு. அடையாறு, நரம்பு டாக்டர். ஒன்றரை மணி நேரம் காத்திருப்பு.

பார்க்கின்சன்.

"கை நடுங்கவே இல்லையே டாக்டர்" என்று வாதாடினேன், மார்க்குக்குச் சண்டை போடும் பிள்ளை மாதிரி. எல்லாருக்கும் நடுக்கத்தில் ஆரம்பிக்காதாம். குணமாகாது. மாத்திரையில் ஓரளவு சமாளிக்கலாம்.

இவர் திரைக்குப் பின்னால் பட்டன் போட்டுக்கொண்டிருந்தார். நான் அவசரப்படுத்தவில்லை. அப்போதுதான் டாக்டர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "முகத் தசையும் இறுகிடும்மா. வீட்ல கோவமா இருக்கார்னு நினைச்சிருப்பீங்க."

நான் இவரைத் திட்டியவை: உம்மென்ற முகம். எறும்பு எழுத்து. சாம்பார். பட்டன். செருப்பை இழுத்து நடப்பது. சத்தமாகப் பேசாதது.

எல்லாம் ஒரே வியாதி. ஒரு வருஷம் அதைத்தான் திட்டியிருக்கிறேன். அழ வேண்டும் போலிருக்கிறது, பக்கத்து அறையில் இவர்.

வியாழன், 18

மாத்திரை ஆரம்பித்து மூன்று நாள். குமட்டல் என்கிறார். நி.யிடம் போனில் சொல்ல வாய் வரவில்லை. சனிக்கிழமை வரச் சொன்னேன். "அப்பா ஏதாவது சொன்னாரா?" என்றாள். வா, நேரில் பேசலாம் என்றேன். அவள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டிருப்பாள்.

சனி, 20

விடிகாலை மழை. கொடியில் துணி நனைந்தது.

நி. காலை பஸ்ஸில் வந்தாள், கண் வீங்கி.

எண்ணெய் இல்லாத சனிக்கிழமை. பாத்ரூமில் ஸ்டூல் போட்டு இவரை உட்கார வைத்து ஷாம்பு தேய்த்தேன். ஐந்து நிமிஷம் மணி பார் என்று நி.யைக் கதவருகே நிறுத்தினேன். அப்புறம் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று எண்ணம். அவள் அதற்குள் கேட்டுவிட்டாள்.

"நிச்சயதார்த்தத்தன்னிக்கு ஏன்ப்பா அப்படி உக்காந்துண்டிருந்தே?"

நுரை கண்ணில் இறங்காமல் துடைத்தேன். இவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அதே முகம்.

"எப்படி? அன்னிக்குப் பூரா சிரிச்சுண்டேதானேடி இருந்தேன்."

ஐந்து நிமிஷம் எப்போதோ ஆகிவிட்டது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.