நீலத் துணி கட்டிய மரம்

அன்புள்ள அம்மாவுக்கு,

குளிரை நல்லபடியாகத் தாண்டினீர்களா? முழங்கால் வலி எப்படி? ஆடுகள் தேறிவிட்டனவா? நான் சௌக்கியம். கோபிப் பாலைவனத்தில் மணல்காற்று ஆரம்பித்துவிட்டது. விடுதிப் பிள்ளைகளுக்கு நான் வைக்கும் சூப்பிலும் மணல்தான்.

ஒரு சின்ன விஷயம், கவலைப்படாதீர்கள். ஸாக் மரங்களை விறகுக்கு வெட்டாமல் தடுக்க நாங்கள் சிலர் சேர்ந்திருப்பதாக எழுதியிருந்தேனே. கிணற்றடியில் மிஞ்சிய கிழட்டு மரத்துக்கு நீலத் துணி கட்டினோம். நீலத் துணி கட்டிவிட்டால் அது சாமி மரம்; அதில் யார் கோடாலி வைப்பார்கள்? யாரும் வைக்கவில்லை. ஆனால் போகிற லாரிக்காரர்களெல்லாம் இறங்கி ஆளுக்கொன்று கட்டினார்கள். கிளையே தெரியாமல் போயிற்று.

போன வாரம் ஒட்டகம் மேய்க்கும் தூலம் அக்காவின் கன்று வயிறு ஊதிச் செத்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே முழுக்க நீலத் துணி. "மரத்தைக் காப்பாத்திட்டீங்க, ரொம்ப சந்தோஷம். என் கன்னுக்கு எதைக் கட்டி உசுர் குடுப்பீங்க?" என்றாள்.

எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடலாம் என்றேன். "சாமிக்குக் கட்டினதுல கை வைக்கிறதா? நாங்க வரலடி" என்று எங்கள் கூட்டத்துக்காரர்களே நழுவிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை குப்பை பொறுக்க மட்டும் கையுறை மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறார்கள்.

அதனால் நல்ல கத்தரிக்கோல் ஒன்று அனுப்புங்கள். கொஞ்சம் காய்ந்த தயிர்க்கட்டியும் வையுங்கள். இங்கே கிடைப்பதில் நம் வீட்டு வாசனை இல்லை. தபால் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார்.

நான் சீக்கிரம் ஊர் திரும்ப வேண்டுமென்று மரத்தில் கட்டச் சொல்லி இனித் துணி அனுப்பாதீர்கள். கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ஒன்றின் ஓரத்தில் உங்கள் சிவப்பு நூல் தையல் இருந்தது.

உங்கள் மகள்
நோமின்