மேலே ஒளிந்திருக்கும் போல்ட்

நண்பா,

உன் கைபேசியை உன் மனைவி என்னிடம் கொடுத்து நாளாகிறது. எத்தனை முறை துடைத்தும் அதன் இடுக்குகளில் கியர் ஆயில் வாடை போகவில்லை. நேற்றுக் காலை அந்த வாடையோடு அது ஒலித்தது. பேசியவர் மதுரைக்காரர். நீ உயிராக வைத்திருந்த அதே ஸ்போர்ட்ஸ் கார் அவரிடமும் இருக்கிறதாம். நீ குரலில் பதிந்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, கியர்பாக்ஸ் கழற்றும் பதிவு வேண்டும் என்றார்.

எந்தப் பதிவு என்று உனக்குத் தெரியும்.

அந்தக் காரை இனிச் செய்யப்போவதில்லை என்று கம்பெனி அறிவித்த பிறகு, நசுங்கிய வண்டிகளைத் தேடி வாங்க ஆரம்பித்தாய். கீழவாஞ்சூரில் நிலக்கரி லாரிகளைப் பழுதுபார்க்கும் உன் பட்டறையின் பின்புறம் அவற்றைப் பிரித்து அடுக்கினாய். கையெல்லாம் கிரீஸ், எழுத முடியாது. கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, செய்வதையெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டே பிரிப்பாய். "நான் போனாலும் இது பேசும்டா" என்பாய்.

அந்தப் பதிவு ஓடிய அன்று பிரித்தது துறைமுகச் சாலையில் லாரிக்கடியில் போன வண்டி. ஓட்டியவன் கோவில்பத்துப் பையன், வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவன். அந்த விபத்துச் செய்தியை எழுதியவன் நான்; அன்று பட்டறையில் உன் பக்கத்திலும் இருந்தேன். இருக்கையில் இரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. பிற்பகலில் பையனின் அப்பா கடப்பாரையோடு உள்ளே வந்தார்.

"நகருடா. எம்புள்ளய தின்ன வண்டி. இதுல ஒரு ஆணிகூட இன்னொரு வண்டியில ஏறக் கூடாது. ஏறுனா அதுவும் பலி கேக்கும்."

முதல் அடியில் கண்ணாடி தெறித்தது. பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்தேன். முழங்கையால் இடித்தார், பல் ஒன்று என் வாய்க்குள் உடைந்தது. அடுத்த அடி, பாதி கழன்றிருந்த கியர்பாக்ஸை நோக்கி இறங்கியது. நீ குறுக்கே கையைக் கொடுத்தாய். காய்ந்த தென்னை மட்டை ஒடிவது போல அந்த ஓசை பதிவில் இருக்கிறது.

"அய்யா, இத ஒடச்சிடாதீங்க! கம்பெனிக்காரன் இனிமே இத செய்ய மாட்டான்!"

"எம்புள்ளய மட்டும் இனிமே எவன்டா செய்வான்?"

அதற்குப் பிறகு பதிவில் கடப்பாரை மட்டும் கேட்கிறது. கதவு, கூரை, விளக்கு. நீ தடுக்கவில்லை, கியர்பாக்ஸின் மேல் குப்புறப் படுத்துக்கொண்டாய். கடைசியாக இருக்கையை அடிக்க ஓங்கினார். கறையைப் பார்த்தார். கடப்பாரை நழுவியது. பிறகு அந்த அழுகை.

ஆஸ்பத்திரிக்கு வா என்று உன்னை இழுத்தேன். "ஒரே ஒரு போல்ட்டுதான்டா பாக்கி" என்றாய். அவரிடம் திரும்பி, "அய்யா, என் கை போச்சு. உங்க கை வேணும்" என்றாய்.

"ஒடச்சவன்கிட்டயே கேக்குறியா?"

"ஒடச்சவங்கதானே தரணும்?"

வாயில் இரத்தத்தோடு நான் சிரித்ததும் பதிவாகியிருக்கிறது.

"மேல ஒண்ணு ஒளிஞ்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. கைய உட்டுத் தடவுங்க. இன்னும் உள்ள... ஆங், அதான். அத உட்டுட்டு இழுத்தா பெட்டியோட காது, அந்த போல்ட் மாட்டுற எடம், ஒடஞ்சிடும்."

போல்ட் கழன்று வந்ததும் அவர் கேட்டார்: "இது எந்த வண்டிக்குப் போவும்?"

"தெரியாதுங்க."

"எவனா இருந்தாலும் மெதுவா போவச் சொல்லு."

ஆஸ்பத்திரியில், ஜாக்கி நழுவிவிட்டது என்றாய். என் வாயைப் பார்த்த டாக்டர், "இவரு மேலயும் அதே ஜாக்கியா?" என்றார்.

மதுரைக்கு அனுப்புமுன் அடிதடியை வெட்டிவிடப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கச் செய்திகளை வெட்டிச் சுருக்கியவன் நான். இதில் முடியவில்லை. கடைசி போல்ட் இருக்குமிடம் அழுகைக்குப் பிறகுதான் வருகிறது. முழுதாகவே அனுப்பினேன்.

இன்று மாலை மதுரைக்காரர் அழைத்தார். கியர்பாக்ஸ் இறங்கிவிட்டதாம், காது உடையாமல். பேசும்போது என் நாக்கு அந்தப் பல்லின் பள்ளத்தைத் தேடிப் போனது. அவராகவே சொன்னார்:

"மெதுவாவே ஓட்டுறேங்க."