ஐஸ் பெட்டியில் போன அம்மாவின் கட்டி

அத்தை, நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். அழகுக்காக ஒரு வரிகூடச் சேர்க்க மாட்டேன்.

இன்று பள்ளி ஆய்வுக்கூடத்தில் தவளை ஜாடியின் மூடியைத் திறந்தார்கள். ஃபார்மலின் நெடிக்கு எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு உன் குரல் கேட்டது: "இன்னாடி இது, கண்ணு எரியுது!"

அம்மாவின் மார்பிலிருந்து கட்டியை எடுத்த நாள் அது. அப்பா அம்மாவோடு இருந்தார். கட்டி இருந்த டப்பாவைப் பரிசோதனைக் கூடத்தில் சேர்க்கும் வேலை நம் இருவருக்கும். ராயபுரத்தில் மருத்துவமனை வாசலிலேயே நீ மூடியைத் திறந்து முகர்ந்தாய். காசிமேட்டில் மீன் விற்கிற உனக்கு அந்த நெடி தெரியாதா!

"மீனுக்குப் போட்டா வெஷம்னு ஆபீசருங்கோ கூடையோட தூக்கிகினு போறாங்கோ. எங்க அண்ணி ஒடம்புல இருந்ததுக்கு இத்தயா ஊத்துவாங்கோ?"

"அத்தை, கெடாம இருக்கத்தான் அது."

"கெடாம வெக்க எனக்குத் தெரியாதா? ஐஸ் இன்னாத்துக்குக் கீது?"

நான் கையைப் பிடிப்பதற்குள் மருந்தைச் சாக்கடையில் கொட்டிவிட்டாய். கட்டியைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து, உன் ஐஸ் பெட்டிக்குள் வஞ்சிரத்தை வைப்பதுபோல் வைத்தாய். ஆட்டோவில் பெட்டியை மடியிலிருந்து இறக்கவே இல்லை.

பரிசோதனைக் கூடத்து அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னாம்மா, கட்டிய எடுத்துனு வரச் சொன்னா மீன் பார்சல் எடுத்துனு வந்துகிறீங்கோ!" பிறகு தொட்டுப் பார்த்து, "நல்லவேளை, உறையல" என்று புது ஃபார்மலினில் போட்டார்.

அவர் விளக்கியதை வாய் பிளந்து கேட்டேன். செல்லுக்குள் மரபணுக்கள் ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்குமாம். எந்த மரபணு எவ்வளவு அனுப்பியிருக்கிறது என்று அளந்தால், நோய் திரும்பி வருமா என்று கணிக்கலாம். உடலைவிட்டு வெளியே வந்ததுமே அந்தச் செய்திகள் சிதையத் தொடங்கும். கடுங்குளிரில் சட்டென்று உறைய வைத்தால் முழுசாக நிற்கும். மீன் ஐஸுக்கு அந்தக் குளிர் கிடையாது. மெதுவாக உறைந்தால் பனி ஊசிகள் செல்லைக் கிழித்துவிடும். ஃபார்மலினில் ஊறவைத்து மெழுகில் பதித்தால் செய்திகள் துண்டு துண்டாகும், ஆனால் திசு ஆண்டுக்கணக்கில் இருக்கும். அம்மாவுக்கு எழுதிய சோதனை அந்தத் துண்டுகளையே படித்துவிடும், அத்தை!

"இதுல செய்தி மிச்சம் கீதா?" என்று கேட்டாய்.

"டெஸ்ட்தான் சொல்லணும். போதலன்னா பதிலே வராது."

பதில் வராவிட்டால், எதற்கும் இருக்கட்டும் என்று அம்மாவுக்குக் கீமோ கொடுத்துவிடுவோம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். நீ ஐஸ் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டாய்.

அதன் பிறகு வியாபாரம் முடித்து வரும்போதெல்லாம் வாசலிலிருந்தே கேட்பாய்: "அது பேசிச்சா?"

"வாயாட இந்த வூட்டுக்கு நீ ஒருத்தி போதாதாடி?" என்பாள் அம்மா. எதற்கும் சிரிக்கிற நீ, அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

பதில் வருவதற்குள், மீன் ஏலம் நடக்கிற இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாய். மூலக்கொத்தளம் சுடுகாட்டிலிருந்து திரும்பிய அப்பா உன் ஐஸ் பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார்.

நேற்று பதில் வந்தது! செய்திகள் போதுமான அளவு மிஞ்சியிருந்தன. நோய் திரும்பி வரும் ஆபத்து குறைவு. கீமோ வேண்டாம், மாத்திரை போதும்! நான் குதித்த குதியில் அலமாரியில் இருந்த தட்டு கீழே விழுந்து உருண்டது. அம்மா மட்டும் கவிழ்ந்திருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இத்த அவகிட்ட யாரு சொல்றது?"

நான் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன். அத்தை, அது பேசியது! நீ எதையும் கெடுக்கவில்லை.

இன்று அந்தத் தவளையைக் காட்டி டீச்சரிடம் கேட்டேன்: "இது இன்னும் பேசுமா?" வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை, "எனக்குத் தெரியாது, நீ படித்துக் கண்டுபிடி" என்றார். கண்டுபிடிப்பேன். உன் கேள்வி இப்போது என்னிடம் இருக்கிறது.

"இன்னாம்மா, வூட்டுக்குப் போவ மாட்டியா?" என்கிறார் ஆய்வுக்கூடத்தைப் பூட்ட வந்த அக்கா. இந்த வரியை முடிப்பதற்குள் விளக்குகளை அணைத்துவிட்டார்.