அப்பா கொடுத்த முன்கட்டு

வடகரைமங்கலம்,
மார்கழி 14.

அன்புத் தம்பி சங்கருக்கு,

அக்கா வடிவம்மாள் எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம்தான். உன் அத்தானுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். மெல்போர்னில் இப்போது நல்ல வெயில் என்று விஜயஸ்ரீ சொன்னாள். பிள்ளைகளுக்கு மோர் கொடுக்கச் சொல். போனில் பேசினால் "அப்புறம் கூப்பிடுதேன்க்கா" என்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டுவாய். அதனால்தான் கடிதம்.

அப்பாவின் வீட்டை நீ விற்கப்போகிற செய்தியைத் தரகர் பூதலிங்கம் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மார்கழி முதல் செவ்வாய்க்கிழமை காலையில் நம் முன்கட்டு லைப்ரரியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் டேப்போடு உள்ளே வந்து, படித்துக்கொண்டிருந்தவர்களை எல்லாம் காலைத் தூக்கச் சொல்லித் தரையை அளந்தார். எதற்கு என்று கேட்டேன். "தம்பி அட்வான்ஸ் வாங்கிட்டாவளே, அக்காளுக்குத் தெரியாதா?" என்றார். அத்தனை பேர் முன்னால் வேறென்ன சொல்வது? தெரியும் என்று பொய் சொன்னேன். உரக்கடைக்காரர் மூட்டை அடுக்கக் கிட்டங்கி போடப்போகிறாராம். தை பிறந்ததும் பதிவாம்.

முன்கட்டை அப்பா கிளை நூலகத்துக்கு வாடகையில்லாமல் விட்டபோது நீ அரைக்கால் சட்டை போட்டுத் திரிந்தாய். அன்றைக்கு இருந்த நூலகர் தயங்கித் தயங்கிப் பத்திரம் பற்றிக் கேட்டதற்கு, "எங்க வாக்கு போதாதாவே?" என்று அப்பா கோபித்துக்கொண்டார். அவர் பெற்ற மகள்தானே நானும்.

அம்மாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு என்னைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாய். என் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன். நம் குடும்பங்களில் அக்கா தங்கைகள் செய்கிறதுதான், அதில் எனக்கு வருத்தமில்லை. உனக்கு வேறு என்னக்கா வேணும் என்று நீயே கேட்டாய். முன்கட்டு லைப்ரரிக்கே இருக்கட்டும், அது போதும் என்றேன். "அது எங்கக்கா போவுது" என்றாய். அதையும் ஒரு வரி எழுதி வாங்கு என்று உன் அத்தான் சொன்னதற்கு, கூடப்பிறந்தவனிடம் எழுதி வாங்குவார்களா என்று அவரோடு நான் இரண்டு நாள் பேசவில்லை. இப்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்தாலாவது பரவாயில்லை.

நூலகர் பாக்கியசீலன் மேலே எழுதிக் கேட்டுப் பார்த்தார். வாடகையில்லாத இடம் கிடைக்காவிட்டால் புத்தகங்களை அள்ளிப் பக்கத்து ஊர்க் கிளையோடு சேர்த்துவிடுவார்களாம். நம் ஊரில் நான் கேட்காத வீடில்லை. எல்லோரும் காபி கொடுத்து அனுப்புகிறார்கள்.

சுகன்யாவை உனக்குத் தெரியாது. கீழத்தெருப் பெண், பீடி சுற்றுகிறாள், குரூப் நான்கு தேர்வுக்குப் படிக்கிறாள். புகையிலையை லைப்ரரிக்குள் கொண்டுவரக் கூடாது என்பதால், பின்கட்டைத் திறந்து அங்கே உட்காரவைத்திருந்தேன். அவள் மடியில் புகையிலைத்தூள் பரப்பிய சுளவை வைத்துக்கொண்டு இலையைச் சுருட்டுவாள். நான் புத்தகத்தைப் பிரித்துக் கேள்வி கேட்பேன். பாதிக்கு மேல் அவளுக்கே தெரியும், எனக்குத்தான் தெரியாது. பக்கத்து ஊருக்குப் போய்ப் படியேன் என்றேன். "பஸ்ல போயிட்டு வந்தா, சுத்துத பீடிய யாரு ஆச்சி சுத்துவா?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து அவளைக் காணோம்.

போன மாதம் உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் நீ பேசிய வீடியோவை விஜயஸ்ரீ அனுப்பியிருந்தாள். என் தந்தை ஊருக்கே அறிவுக் கண்ணைத் திறந்தவர் என்று பேசினாய், எல்லோரும் கைதட்டினார்கள். நானும் இங்கே தெருவெல்லாம் காட்டினேன், பாக்கியசீலனுக்கும் காட்டினேன். அன்றைக்கே நீ அட்வான்ஸ் வாங்கியிருந்தாய் என்று பூதலிங்கம் சொல்கிறார். எந்த வாயால்லே பேசினே?

பின்கட்டை நீ விற்றுக்கொள், முன்கட்டை மட்டும் விட்டுவிடு. தெருவைப் பார்த்த இடம் இல்லாமல் பின்கட்டை வைத்து என்ன செய்யுதது என்று உரக்கடைக்காரர் கேட்பார். அப்படியானால் அட்வான்ஸைத் திருப்பிக் கொடு. உனக்கு அது முடியாத காரியமில்லை என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பதிவுக்கு வருவதாக இருந்தால் ஓட்டலில் தங்காதே, ஊர் சிரிக்கும். என் வீட்டுக்கு வா. உனக்குப் பிடித்த சொதி வைக்கிறேன். சாப்பிடும்போது எதுவும் கேட்கமாட்டேன்.

ஒன்றே ஒன்று. வருஷா வருஷம் பிறந்த வீட்டுச் சீராக எனக்குப் பொங்கல்படி அனுப்புவாய். முன்கட்டு லைப்ரரிக்கு இருக்குமென்றால் இந்தத் தைக்கும் அனுப்பு, ஒரு மஞ்சள்குலை வாங்குகிற அளவுக்கு அனுப்பினாலும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொள்வேன். இல்லையென்றால் அனுப்பாதே. பிறந்த வீடு இருக்கிறவளுக்குத்தான் அது.

நீயும் விஜயஸ்ரீயும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும், தம்பி. இதை நான் மனதாரத்தான் எழுதுகிறேன்.

உன் அக்கா,
வடிவம்மாள்