பிறந்தநாளுக்குப் பாடிய சாவுப் பாட்டு

காலையில் கைப்பேசியைத் திறந்தால் நீ பாடிக்கொண்டிருக்கிறாய். நம் பல்கலைக்கழக வாட்சப் குழுவில் யாரோ பழைய வீடியோவைப் போட்டிருக்கிறார்கள். விடுதி அறை, நடுவில் கேக். பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு நீ தாளம் தட்டுகிறாய், சுற்றிலும் பெரிய வீட்டுப் பிள்ளைகள் ஆடுகிறார்கள். கீழே ஒருவன் எழுதியிருக்கிறான்: 'எங்கள் கானா தோஸ்து.'

தோஸ்தாம்.

அந்த வகுப்பில் வடசென்னையிலிருந்து நுழைந்தவர்கள் நாம் இருவர்தான். எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து நீ, கல்மண்டபத்தில் மீன் விற்கிறவள் மகன் நான். சாப்பாட்டு மேசையில் நாம் உட்கார்ந்தால் மற்றவர்களுக்குத் திடீரென்று படிப்பு ஞாபகம் வந்துவிடும். பாட்டு வேண்டுமென்றால் மட்டும் நம் கதவைத் தட்டுவார்கள்.

முதல் முறை தட்டியபோது, உங்கள் தெருவில் சாவு வீட்டில் பாடுகிற கானாவை எடுத்துவிட்டாய். செத்தவன் பேர் வரும் இடத்தில் பிறந்தநாள்காரன் பேர்.

'ஆக்கி வச்ச சோறு ஆறிப் போச்சி, ஒன்னத் தூக்க ஆளு வந்தாச்சி!'

விசிலடித்தார்கள். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். அத்தனை பேரும் தமிழ் பேசுகிறவர்கள்தான். நம் வாயிலிருந்து வருவதற்கு அர்த்தம் இருக்கும் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை. அதன்பின் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் அதே பாட்டுதான். நீ அவனைப் பாடையில் ஏற்றுவாய், அவன் உனக்குக் கேக் ஊட்டுவான்.

"பாவம் இல்லியாடா?" என்றேன் ஒருநாள்.

"இன்னா பாவம்? ஒருத்தனாவது இந்தப் பாட்டு இன்னான்னு கேக்கட்டும், நிறுத்திக்கிறேன்."

படிப்பு முடியும்வரை யாரும் கேட்கவில்லை.

என் பிறந்தநாளன்று மட்டும் நீ வாளியைத் தொடவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று அவர்களை விரட்டினாய். பிறகு என்னிடம் சொன்னாய்: "ஒம் பேர வச்சிப் பாட வாய் வரல மாமு."

போன மாதம் நெஞ்சுவலியில் நீ போனதும் குழுவில் சொன்னேன். 'எர்ணாவூரா? கார் நிறுத்த இடம் கீதா?' என்று நம் பேச்சிலேயே நக்கலாகக் கேட்டான் ஒருவன். அழுகிற பொம்மைகள் வரிசையாக வந்தன, ஆள் ஒருவனும் வரவில்லை. தெருப் பையன்கள் உன் பேரை வைத்து அந்தப் பாட்டைப் பாடினார்கள். உன் அம்மா மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். என்னையும் பாடச் சொன்னார்கள். எனக்கும் வாய் வரவில்லைடா.

இப்போது ஓட்டல் ஹாலில் உனக்கு நினைவுக் கூட்டமாம். குழுவில் என்னைக் கேட்டிருக்கிறார்கள்: 'நீதான் பாடணும் ப்ரோ. சோகமா எதுவும் வேணாம், அந்த பர்த்டே சாங் போதும்.'

பதில் போட்டேன்: 'அது எங்க சாவுப் பாட்டு. உங்க எல்லாருக்கும் அவன் அப்பவே பாடி முடிச்சிட்டான்.'

அத்தனை பேரும் படித்துவிட்டார்கள்.

நீ பாடாமல் விட்டுவைத்தது ஒரே ஒரு பேர். அந்தப் பேரோடுதான் நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.